நீனோ தோண்டிய பள்ளம்

நீனோவின் ஊர்க்காரர்கள் மின்கம்பி வர வேண்டும் என்று ஒரு தலைமுறை சண்டை போட்டார்கள். நாங்கள் அது வரக்கூடாது என்று ஒரு தலைமுறை சண்டை போட்டோம். இரண்டு தரப்பும் ஜெயித்தது. உலகத்தில் இப்படி நடப்பது அபூர்வம். அப்படி ஜெயித்த இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே அடுப்படியில் சாப்பிட உட்காருவது அதைவிட அபூர்வம்.

நீனோ என் தங்கை லெனோராவின் கணவன். முழுப்பெயர் சத்துர்னினோ தைப்பே. பெரு நாட்டில் ஹுவான்காவெலிக்கா மலைகளில், மரங்கள் வளர மறுக்கும் உயரத்தில் பிறந்தவன். செம்மறி மேய்க்கும் ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்கு வந்து, யாரோ ஒருவருடைய ஆடுகளோடு யூட்டாவுக்கும் அரிசோனாவுக்கும் நடுவே நடந்து நடந்தே ஒப்பந்தத்தைத் தீர்த்தான். வின்ஸ்லோ நகரத்தில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில், சுற்றும் இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அவன் நின்றபோது, லெனோரா அதன் கதவில் ஓர் உதை விட்டு நிறுத்தினாள். அதற்குப் பின் நடந்ததை இருவரும் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள். முடிவு மட்டும் ஒன்றுதான். அவன், மேசா என்று சொல்லும் எங்கள் தட்டையான குன்றின் மேல், என் அம்மா எல்வினாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான்.

அம்மாவின் வீடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிசோனாவின் ஹோப்பிப் பழங்குடிகள் நாங்கள், எங்களிடம் வீடு பெண்ணுடையது. அம்மாவுக்குப் பிறகு அது லெனோராவுக்கு. நான் மகன், ஆகவே விருந்தாளி. கீழ்க்கிராமத்தில் என் மனைவியின் வீட்டில் குடியிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். மக்காச்சோளம் வயலில் நிற்கும்வரை ஆணுடையது, வாசற்படியைத் தாண்டிய கணத்தில் பெண்ணுடையது. இதில் எங்கள் ஆண்களுக்கு வருத்தம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. வருத்தப்பட நேரம் வேண்டும். எங்களுக்கு வயல் இருக்கிறது.

நீனோவின் ஊரில் எல்லாம் தலைகீழ். பெண்தான் ஆணின் வீட்டுக்குப் போவாள். நிலம் ஊருக்குச் சொந்தம், அதைப் பங்கிட்டுக் கொடுப்பது ஊர்க்கூட்டம். கூட்டத்தில் பெயர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று குரல் கொடுக்கிற ஆண்தான் அந்த வீட்டுக்குத் தலைவன். குரல் கொடுக்காதவனுக்கு அபராதம். ஆகவே, வந்த முதல் கோடையிலேயே அம்மாவின் கூரையை அவன் செப்பனிட்டு இறங்கியபோது, தலைவனுக்குரிய குரலில்தான் பேசினான்.

"நம்ம வீட்டுக் கூரை இனிமே ஒழுகாது அத்தை."

"யார் வீட்டு?"

"நம்ம வீட்டு."

"என் வீட்டுக் கூரையச் சரி பண்ணிக் குடுத்தே. சந்தோஷம். வந்து சாப்பிடு."

அத்தைக்குக் காது மந்தம் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவளிடம் உரக்கப் பேசினான். அம்மாவும், இந்தப் பெருக்காரர்கள் மலை விட்டு மலைக்குப் பேசிப் பழகியவர்கள் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊரின் பழைய பகுதிக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. சாலையோரத்தில், ஊரின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வராமல், ஒரு குழாய் நிற்கிறது. அங்கே போய் டிரம்மில் பிடித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவோம். கம்பியோ குழாயோ, வீட்டுக்குள் வந்தால் அதன் மறுமுனை யாரோ ஒருவன் கையில் இருக்கும் என்பது பெரியவர்களின் வாதம். அவன் நினைத்தால் மூடுவான். பிறகு பில் அனுப்புவான். பிறகு நிலத்தைக் கேட்பான். இது மூடநம்பிக்கை என்று நினைப்பவர்கள் வரலாற்று வகுப்புக்கு வரலாம். சூரியத் தகட்டுக்கு மட்டும் ஆட்சேபணை இல்லை. வெயிலின் மறுமுனையை இதுவரை யாரும் பிடித்ததில்லை.

ஆக, எங்களிடம் வண்டி உண்டு, குழாய் இல்லை. நீனோவின் ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் உண்டு, வண்டி இல்லை. இரண்டில் எது ஏழை ஊர் என்று கண்டுபிடிக்க, போன வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பெருவின் மலைச் சமூகங்களையும் ஹோப்பி ஊர்களையும் பொருளாதார நிலையிலும் சமூக நிலையிலும் ஒப்பிடுவது அவருடைய ஆய்வு. இரண்டும் ஒரே சமையலறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், விமானச் செலவு மிச்சமான முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள குழாய்த் தண்ணி வருதாம்மா?"

"இல்ல," என்றாள் அம்மா. அதில் பெருமை இருந்தது.

"எங்க ஊர்ல வருது," என்றான் நீனோ. அதிலும் பெருமை இருந்தது. "மலை உச்சில இருந்து நாங்களே வெட்டிக் கொண்டாந்தோம். ஆம்பள, பொம்பள, பாதிரியார் எல்லாரும். வராதவனுக்கு அபராதம்."

"கரண்ட்?"

"இல்ல."

"இருக்கு."

"வண்டி?"

"ரெண்டு இருக்கு," என்றாள் அம்மா. "ஒண்ணு ஓடும்."

"எங்க ஊருக்கே ஒண்ணுதான். அது கீழ இறங்கும். மேல ஏறுறதுக்கு நாங்க தள்ளணும்."

"வாரத்துக்கு எத்தனை தடவை கறி சாப்பிடுவீங்க?"

"ஊர்ல சடங்கு நடனம் வந்தா சாப்பிடுவோம். கல்யாணம், சாவு வந்தாலும் சாப்பிடுவோம்," என்றாள் அம்மா.

"அப்படிப் பாத்தா தினம்தான்," என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், விருந்தாளி வாயை மூடிக்கொண்டான்.

"எங்க ஊர்ல ஆடு நிறைய," என்றான் நீனோ. "அதனாலேயே சாப்பிட மாட்டோம்."

இதை ஆய்வாளரால் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியவில்லை. கேள்விகள் முடிந்ததும், அறை மூலையில் இருந்த தண்ணீர் வாளியையும் அம்மாவின் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசுல தண்ணி தூக்குறீங்களே..." என்று கண் கலங்கினார்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுகிற பெண்ணை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு கூடை பீச் வற்றல் கொடுத்து அனுப்பினாள். ஆனால் நீனோவின் காது சிவந்துவிட்டது. அவன் ஊரில், ஒரு வீட்டுக் கிழவியைப் பார்த்து வெளியாள் பரிதாபப்பட்டால், அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டு ஆண் சோம்பேறி.

மூன்றாம் நாள் நாங்கள் விதை மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். அம்மா, நான், பக்கத்து வீட்டு வில்மா. லெனோரா நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள். வார நாட்களில் அங்கேயே தங்கிவிடுவாள். நீனோ எழுந்து நின்றான். உட்கார்ந்தபடியே பேசியிருந்தால் ஒருவேளை நாங்கள் விழித்துக்கொண்டிருப்போம்.

"அத்தை, மச்சான், வில்மாக்கா. ரோட்டுக் குழாய்ல இருந்து நம்ம வாசல் வரைக்கும் நான் பள்ளம் வெட்டப் போறேன். குழாயும் நானே பதிச்சிடுவேன். யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா?"

ஒருவரும் பேசவில்லை.

மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எங்களிடம் அநாகரிகம். அவன் அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால், அது காற்றோடு போகட்டும் என்று சற்று அமைதியாக இருப்போம். பிறகு பூசணியைப் பற்றிப் பேசுவோம். புத்தியுள்ளவன் புரிந்துகொள்வான். நான் பூசணியைப் பற்றிப் பேசினேன். வில்மா அவசர வேலை இருப்பதாக எழுந்து போனாள்.

நீனோவின் ஊர்க்கூட்டத்தில், ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டு ஒருவரும் வாய் திறக்காவிட்டால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று பொருள். அங்கே வாய் திறக்காமல் யாரும் இருப்பதில்லை. ஒரு வாய்க்காலுக்காக விடிய விடியக் கத்துவார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு தீர்மானம் நிறைவேறி அவன் பார்த்ததேயில்லை. மறுநாள் காலையிலேயே கடப்பாரையோடு போனான்.

குன்றின் மேல் மண் கொஞ்சம்தான். அதற்குக் கீழே மணற்பாறை. கடப்பாரை பாறையில் படும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. யாரும் அவனைத் தடுக்கவில்லை. அது எல்வினா வீட்டு விஷயம், எல்வினா பார்த்துக்கொள்வாள். ஆனால் வாசலருகே ஒருவன் வியர்த்து வேலை செய்யும்போது அவனுக்குச் சாப்பாடு போடாமல் இருக்க எங்கள் பெண்களால் முடியாது. அவன் என்ன வேலை செய்கிறான் என்பது அடுத்த கேள்வி. நீல மக்காச்சோளக் கொழுக்கட்டை வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. காகிதம்போல் மெலிசான பீக்கி ரொட்டி சுருள் சுருளாக வந்தது.

வில்மா தட்டோடு வந்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடுற நீனோ? ஏதாச்சும் தொலைச்சிட்டியா?"

"தண்ணியத்தான்க்கா."

"தண்ணி மேல இருந்துல்ல வரும்? நீ கீழ தேடுற."

"உங்க ஊர்ல மேல இருந்தும் வரலையேக்கா."

"கேக்க வேண்டிய விதத்துல கேட்டா வரும். கடப்பாரையால குத்தினா வருமா? இந்தா, கொழுக்கட்டை. நல்லா சாப்பிடு. குத்துறதுக்குத் தெம்பு வேணும்ல."

அன்று மாலை அவன் என்னிடம் நெகிழ்ந்து போய்ச் சொன்னான். "மச்சான், உங்க ஊர்க்காரங்க தங்கம். ஒருத்தரும் கடப்பாரை தூக்க மாட்டேங்குறாங்க, அது சரி. ஆனா சாப்பாடு வந்துக்கிட்டே இருக்கு. எங்க ஊர்ல எல்லாரும் தோண்டுவாங்க, சாப்பாடு அவனவன் மடியில கொண்டாரணும்."

பள்ளம் எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் நுழைந்த அன்று, பெரியவர்கள் மூன்று பேர் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதை நெடுநேரம் பேசினார்கள். காபி குடித்தார்கள். போய்விட்டார்கள். இதைவிடக் கடுமையாக எங்கள் ஊரில் யாரையும் கண்டிக்க முடியாது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை லெனோரா வந்தாள். வாரக் கடைசிக்காக ஒரு மூட்டை மாவும் ஒரு பெட்டி முட்டையும் வண்டியில் இருந்தன. வழக்கமான வேகத்தில் வளைவைத் திருப்பினாள். வழக்கமில்லாத பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் நீனோ வயலுக்குப் போயிருந்த நேரத்தில், அவன் பொருட்களையெல்லாம் அவள் வீட்டு வாசலுக்கு வெளியே, சுவரோரமாக வைத்தாள். சட்டைகள், அல்பாகா ரோமப் போர்வை, காதுவரை மூடும் பின்னல் குல்லாய், பூட்ஸ், ரேடியோ, அவன் ஊர்ப் புனிதரின் சின்னப் படம். கோபத்திலும் சட்டைகளை மடித்துத்தான் வைத்தாள். அது அம்மாவின் வளர்ப்பு. எங்களிடையே இதற்கு மேல் வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. கணவனுடைய பொருள் வெளியே வந்துவிட்டால் கல்யாணம் முடிந்தது. அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போவான். நீனோவின் அம்மா வீடு பூமியின் மறுபாதியில் இருந்தது என்பதை லெனோரா யோசித்தாளா என்று தெரியவில்லை. முட்டைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

நீனோ வந்தான். பொருட்களைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

அவன் ஊரில், ஆட்டுக்கு அடையாளம் போடும் திருவிழாவுக்கு முன்னால், பெண்கள் வீட்டிலுள்ள துணிமணியையெல்லாம் வெளியே போட்டு வெயில் காட்டுவார்கள். ஆண்கள் தூசி தட்டி உள்ளே வைக்க வேண்டும். எங்கள் ஊரிலும் ஏதோ திருவிழா வருகிறது என்று நினைத்துக்கொண்டு, போர்வையைக் கம்பால் அடித்துத் தட்டினான். பூட்ஸைத் துடைத்தான். அறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தான். எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே, முன்பைவிட அழகாக, அடுக்கிவைத்தான். புனிதரின் படத்தைத் துடைத்துக் கொஞ்சம் உயரத்தில் மாட்டினான்.

சமையலறையிலிருந்து வந்த லெனோரா கதவில் நின்று பார்த்தாள். நீனோ சிரித்தான். "ரொம்பத் தூசி," என்றான்.

மறுநாள் காலை எல்லாம் திரும்ப வெளியே இருந்தது. இந்த முறை சட்டைகள் மடிக்கப்படவில்லை.

"இந்த ஊர்ப் பொம்பளைங்க மாதிரி சுத்தக்காரிகளை நான் பாத்ததே இல்ல," என்று வில்மாவிடம் சொல்லிக்கொண்டே அவன் மறுபடி தட்ட ஆரம்பித்தான். வில்மா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். மத்தியானத்துக்குள் மேல்கிராமம், கீழ்க்கிராமம் இரண்டிலும் சாப்பிட உட்கார்ந்தவர்கள் சிரித்துப் புரையேறினார்கள். விவாகரத்தைத் தூசி தட்டி உள்ளே எடுத்து வைத்த ஆள் எங்கள் சரித்திரத்தில் கிடையாது.

ஞாயிறு மாலை லெனோரா மூன்றாம் முறையாக எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு நகரத்துக்குக் கிளம்பினாள். போகிற வழியில் என் மனைவியின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே கத்தினாள்.

"நீ போய்ச் சொல்லு அவன்கிட்ட. பெரு பாஷைல, ஹோப்பில, வரலாறுல, எதுல வேணா சொல்லு. நான் வர்றப்ப அவன் உள்ள இருக்கக் கூடாது."

போனேன். நீனோ வாசலில், ரேடியோவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். சொன்னேன். வீடு யாருடையது, கூரை யாருடையது, வெளியே வைப்பதற்கு என்ன அர்த்தம், பள்ளம் எந்தக் கல்லைத் தாண்டியது, பெரியவர்கள் ஏன் காற்றைப் பற்றிப் பேசினார்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வகுப்பில்கூட நான் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. அவன் ரேடியோவைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு யாரும் ஆட்சேபணை சொல்லலையே மச்சான்."

"பூசணியப் பத்திப் பேசினேனே மாப்ள."

"பூசணி..." என்றான். "எங்க ஊர்ல பொண்டாட்டிக்குப் பிடிக்கலைன்னா அவ ஆத்தா வீட்டுக்குப் போயிடுவா. ரெண்டு நாள் கழிச்சு நான் போய், மாமனாருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்துக் கூட்டியாருவேன். இங்க அவ ஏற்கெனவே ஆத்தா வீட்லதான் இருக்கா. அப்ப நான் எங்க போய்க் கூட்டியார்றது?"

நான் கீழே கிடந்த ரேடியோவை எடுத்துச் சுவரோரமாக வைத்தேன்.

"சரி, கூட்டத்தக் கூட்டுங்க. நான் வந்து நிக்கிறேன்."

"இதுக்கெல்லாம் கூட்டம் கிடையாது."

"அபராதம் என்னன்னு சொல்லுங்க, தீர்த்துடறேன்."

"அபராதமும் கிடையாது."

"அபராதம் இல்லாட்டி, தப்பு எப்ப மச்சான் முடியும்?"

எங்களிடம் தப்பு முடிவதில்லை. மெல்ல மெல்ல அதைப் பற்றிப் பேசாமலாவோம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய தப்புகள் சில இன்னும் பேசாமலிருக்கும் கட்டத்தில்தான் இருக்கின்றன. இதை ஒரு முறையென்று அவனுக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை.

அவன் பொருட்களைத் தொடவில்லை. அவன் ஊரில், வழக்கில் இருக்கும் பொருளை வழக்கு முடியும்வரை யாரும் நகர்த்தக் கூடாது. சுவரோரத்திலேயே விட்டு, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்திக் கல் வைத்தான். மாற்றுச் சட்டை ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளாமல், வயலோரத்துக் குடிசையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பிறகு பள்ளத்தை மூடினான். தோண்டிய மண் தோண்டிய பள்ளத்துக்குப் போதவில்லை. எங்கே தோண்டினாலும் இதுதான் நடக்கிறது. குறைந்த மண்ணை வயல்பக்கமிருந்து முதுகில் சுமந்து கொண்டுவந்து நிரப்பினான். அதை முடித்த அன்று என்னிடம் வந்தான்.

"உங்க வண்டி வேணும் மச்சான். அபராதம் போட யாரும் இல்லைல்ல? நானே போட்டுக்கிட்டேன். ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் நான் தண்ணி கொண்டாந்து ஊத்துவேன். டிரம்மு நிறைய. எல்லா வீடும் முடிஞ்சாத்தான் முடியும்."

"யாரும் கேக்கலையே."

"கேட்டுச் செஞ்சா அது உதவி. கேக்காம செஞ்சாத்தான் தண்டனை."

வண்டியைக் கொடுத்தேன். ஒரு வரலாற்று ஆசிரியர் மாணவர்களோடு பள்ளிப் பேருந்தில் போவதால் வரலாறு ஒன்றும் கெட்டுவிடாது.

அவன் கிழக்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தான். ஒரு நாளைக்கு ஒரு வீடு, சில நாள் இரண்டு. வாசலில் வண்டியை நிறுத்துவான், வயல் தொப்பியைக் கழற்றுவான், டிரம்மை நிரப்புவான். தலை குனிந்தபடியே திரும்புவான். ஆனால் திரும்ப விடமாட்டார்கள். தண்ணீர் கொண்டுவந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பிய வீடு என்ற பெயரை யார் வாங்குவார்கள்? உட்கார வைத்தார்கள். பீன்ஸ் போட்டார்கள், மட்டன் போட்டார்கள், தர்பூசணி வெட்டினார்கள். மறுத்தால் குற்றம், அவன் ஏற்கெனவே ஒரு குற்றத்தில் இருந்தான். ஆகவே சாப்பிட்டான். தண்டனைக் காலத்தில் ஒரு மனிதன் இவ்வளவு சதை போட்டதை நான் எங்கும் படித்ததில்லை. கால்சட்டைக்கு மேல் பொத்தான் மாட்டாமல் கயிறு கட்டிக்கொண்டான்.

பெண்களுக்கு இதில் போட்டி வந்துவிட்டது. நேற்று அந்த வீட்டில் என்ன போட்டார்கள் என்று அவனிடமே விசாரித்து, இன்று அதைவிட ஒன்று கூடுதலாகச் செய்தார்கள். ஒரு வீட்டில் அவனுக்குச் சட்டைகூடத் தைத்துக் கொடுத்தார்கள். போட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமைகளில் லெனோரா வரும்போது செய்தி அவளுக்கு முன்னால் வந்து காத்திருந்தது. முதல் வாரம் "பட்டினி கிடக்கட்டும்னுதான் வெளிய வெச்சேன்" என்றாள். இரண்டாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் கடையில் எல்லோருக்கும் முன்னால் வில்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷனுக்கு வெங்காயம் பிடிக்காதாமே லெனோரா? எனக்குத் தெரியவே தெரியாது. என் மருமக சொல்லித்தான் தெரியும்."

"அவன் என் புருஷன் இல்ல."

"அப்படியா? அப்ப சரி. எங்க தெருவுல ஒருத்தி கேட்டுக்கிட்டிருந்தா, அவன் சும்மாதான் இருக்கானான்னு. நல்லா வேலை செய்றான், நல்லாச் சாப்பிடுறான், வெளிய வெச்சா உள்ள எடுத்து வெச்சுக்கிறான். இதுக்கு மேல என்ன வேணும் ஒரு வீட்டுக்கு?"

வீட்டுக்கு வந்த லெனோரா கதவை அறைந்த சத்தத்தில் மேற்கூரை மண் உதிர்ந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஊரே சோறு போடுது அவனுக்கு! எல்வினா மகளுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு ஊர் நினைக்காதா?"

"நினைக்கும்," என்றாள் அம்மா.

"நீ ஏதாச்சும் சொல்லக் கூடாதாம்மா?"

"வெளிய வெச்சது நீ. நான் எங்கயாச்சும் வெச்சேனா?" அம்மா பீன்ஸ் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "பள்ளத்த மூடிட்டான். பெரியவங்க நேத்து வந்தாங்க. உன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு பேசிட்டுப் போனாங்க. காத்தப் பத்தி ஒண்ணும் பேசல."

அந்த வாரக் கடைசியில் மழை வந்தது. ஓடையில் வெள்ளம் புரண்டது. வயலுக்கு நல்லது, தார்ப்பாய்க்கு நல்லதல்ல.

திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நீனோ என் மனைவியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். வண்டிச் சாவியை என் கையில் வைத்தான்.

"முடிஞ்சுது மச்சான். சுவத்தோரம் ஒண்ணும் இல்ல. தார்ப்பாய் இல்ல, சட்டை இல்ல, எங்க சாமி படம் இல்ல. ஓடையில தூக்கிப் போட்டுட்டா."

"போட்டதைப் பாத்தியா?"

"வேற எங்க போவும்? நான் ஊருக்குப் போறேன். தம்பி இருக்கான். கூட்டத்துல மன்னிப்புக் கேட்டா ஒரு ஓரமா நிலம் குடுப்பாங்க. பாக்கி வீட்டுக்கெல்லாம் நீங்கதான் என் பேரைச் சொல்லித் தண்ணி ஊத்தணும்."

"வீட்டுக்குள்ள பாத்தியா மாப்ள?"

நீனோ என்னை அதிர்ச்சியோடு பார்த்தான். "அவங்க வீட்டுக்குள்ள நான் எப்படி மச்சான் போய்ப் பாக்கிறது?"

என் மனைவி இதற்குள் அவன் கையில் ஒரு கிண்ணம் குழம்பைக் கொடுத்துவிட்டாள். முதல் கரண்டி வாய்க்குப் போகும்போது வெளியே வண்டி வந்து நின்றது. லெனோரா அன்று வேலைக்குப் போயிருக்கவில்லை.

"இங்கயும் வந்து திங்கிறியா?" என்று கேட்டபடியே அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி என் மனைவியிடம் கொடுத்தாள். "நீ தப்பா நினைக்காத அண்ணி. இவன் வீட்ல சாப்பிடுவான்."

நீனோ எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"எல்லாம் உள்ள இருக்கு," என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "பூரா ஈரம். உங்க சாமி ஊறிப் போயிட்டாரு, அடுப்பு மேல மாட்டியிருக்கேன். வண்டில ஏறு."

"ஏறுறேன். ஆனா நாளைக்குத் தண்ணிக்குப் போணும். மேற்குத் தெரு பாக்கி."

"யார் போட்ட தண்டனை அது?"

"நான்தான்."

"அப்ப நீயே முடிச்சு வை."

"பாதில விட்டா எங்க ஊர்ல ரெண்டு மடங்கு, லெனோரா. கிழக்குத் தெருவுல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

கிழக்குத் தெருவின் சமையலைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். "நானும் வர்றேன்," என்றாள்.

மறுநாள் காலை இருவரும் போனதை நான் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மீதியை வில்மா சொன்னாள். லெனோரா வண்டியை விட்டு இறங்கவில்லை. மடியில் ஒரு துணி மூட்டை. அதில் வறுத்த மட்டன், பீக்கி, வெங்காயம் போடாத பீன்ஸ். நீனோ டிரம்மை நிரப்புவான், வீட்டுக்காரி கிண்ணத்தோடு வருவாள், வண்டிக்குள்ளிருந்து குரல் வரும்: "அவன் சாப்பிட்டாச்சு!" இப்படியே இரண்டு வீடு தாண்டியது. மூன்றாவது வீடு வில்மாவுடையது. அவள் கிண்ணத்தோடு நேராக வண்டி ஜன்னலுக்கு வந்தாள்.

"அவன் சாப்பிட்டாச்சு வில்மாக்கா."

"அவன யாரு கேட்டா? உன்னத்தான் கூப்பிட வந்தேன். நீயும்தானே தண்ணி கொண்டாந்திருக்க?"

லெனோரா மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். வில்மாவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். மூட்டையை இருக்கையில் வைத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கினாள்.